தாளைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போங்கள்

செமஸ்டர் முடிவு வெளியாகும் வாரத்தில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், அவர்களின் தோழிகள், சில சமயம் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்த அப்பாமார்கள். எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "வேண்டும் என்றே ஃபெயில் போட்டுவிட்டார்கள், மேடம்." அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அடுத்தது வரும்: "கேஸ் போடலாமா?"

நான் கடலூரில் இயற்பியல் கற்பிக்கிறேன். விடைத்தாள் திருத்தும் முகாமிலும் உட்காருகிறேன். என் தம்பி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞன். இந்த இரண்டும் சேர்ந்து என்னை எங்கள் தெருவின் இலவச ஆலோசனை மையமாக்கிவிட்டன. வருகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டே கேள்வி. தாளைப் பார்த்தாயா? இல்லை. நகலுக்கு விண்ணப்பித்தாயா? கடைசித் தேதி எப்போது என்றே தெரியாது. பிறகு எதை வைத்துக்கொண்டு வழக்குப் போடுவது?

மாணவருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. பிள்ளைகள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் எந்த வழியில் போனாலும் கையில் இருக்க வேண்டியது திருத்தப்பட்ட விடைத்தாள். அது இல்லாமல் பேசுகிற எல்லாமே புலம்பல் கணக்கில்தான் சேரும்.

முகாமுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கோபம் இடம் மாறும். தாள் எங்கள் மேசைக்கு வரும்போது பதிவெண் இருந்த பகுதி கிழிக்கப்பட்டிருக்கும். டம்மி எண்ணோ பார்கோடோதான் மிச்சம். எழுதியது விருத்தாசலத்துப் பையனா, விழுப்புரத்துப் பெண்ணா என்று எனக்குத் தெரியாது. தனிப்பட்ட பகைக்கு அங்கே இடம் மிகக் குறைவு. அவசரத்துக்கு இடம் நிறைய. காலையில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் தாள் பறக்கும். தள்ளி உட்கார்ந்தால் வியர்வை சொட்டும். பதிலின் ஓரத்தில் சிவப்பு மையில் போடும் மதிப்பெண்ணை முகப்புப் பக்கத்துக் கட்டத்தில் ஏற்ற வேண்டும். கட்டத்தில் இருப்பதைக் கூட்ட வேண்டும். கூட்டியதை மதிப்பெண் பட்டியலில் எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். ஒரே எண் மூன்று இடம் மாறுகிறது, மூன்றிலும் வழுக்கலாம். 11 ஆ-வுக்குப் போட்ட எட்டு, கட்டத்தில் ஏறாமலே போகும். ஒரு மாணவர் பதினாறாம் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு, நான்கு பக்கம் தள்ளி மீதியை எழுதியிருப்பார். அங்கே கேள்வி எண்ணைச் சரியாகப் போட்டிருக்க மாட்டார். கூடுதல் தாளைக் கட்டிய நூல் அவிழ்ந்து, தாள் எங்கேயோ போயிருக்கும். முதன்மைத் தேர்வாளர் சரிபார்ப்பார், உண்மைதான். மாலை ஐந்து மணிக்கு அவருக்கும் கண் எரியும்.

பாகூரிலிருந்து கடலூருக்கு வந்து படித்த ஒரு மாணவியின் தாளைச் சொல்கிறேன். மின்காந்தவியல். எழுத்துத் தேர்வில் தேர்ச்சிக்கு முப்பது வேண்டும், அவளுக்கு வந்தது இருபத்துநான்கு. மற்ற எல்லாத் தாளிலும் நல்ல மதிப்பெண் என்பதால் அழுது ஓய்ந்திருந்தாள். நகல் வாங்கி வரச் சொன்னேன். வந்ததும் கூடத்துத் தரையில் பக்கங்களைப் பரப்பி வைத்து, வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிலாகப் பார்த்தோம். ஆம்பியரின் சுற்று விதியை நிறுவும் கேள்விக்கு ஒரு பக்கம் முழுக்கப் படம் வரைந்திருந்தாள். படத்துக்கு இரண்டு மதிப்பெண். நிறுவல் அதற்கு மறுபக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் சிவப்பு மை ஒரு புள்ளிகூட இல்லை. சரி என்றும் இல்லை, தவறு என்று கோடும் இல்லை. திருத்தியவர் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டார், அவ்வளவுதான்.

அவளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. வேறொரு கேள்விக்குப் பத்துக்கு ஐந்துதான் போட்டிருக்கிறார்கள், எட்டாவது போட வேண்டாமா என்றாள். படித்துப் பார்த்தேன். நானாக இருந்தால் ஆறு போட்டிருப்பேன். "அதை விட்டுவிடு, திருத்தாத பக்கத்தை மட்டும் எழுது" என்றேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அப்படியே எழுதினாள், மறுமதிப்பீட்டில் தேறினாள்.

அந்த இரண்டு குறைகளுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இந்தியச் சட்டம் நிற்கிறது. 1984-இல் மகாராஷ்டிர இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் பரிதோஷ் பூபேஷ்குமார் சேத் என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: விதியில் மறுமதிப்பீடு இல்லையென்றால் மாணவர் அதை உரிமையாகக் கோர முடியாது, கல்வி விஷயத்தில் கல்வியாளர் எடுத்த முடிவைத் தள்ளிவிட்டு நீதிமன்றம் தன் கருத்தை வைக்காது. அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகள் பெரும்பாலும் இந்தத் தடத்திலேயே நடந்தன. 2017 டிசம்பரில் ரண் விஜய் சிங் வழக்கில் இது வரையறுத்துச் சொல்லப்பட்டது. விதி இருந்தால் மறுமதிப்பீடு செய்யலாம். விதி இல்லாவிட்டால், நீண்ட வாதத்தால் ஊகித்து நிறுவத் தேவையில்லாமல் பார்த்த உடனே தெரிகிற பெரிய தவறு இருக்கிற அரிதான நிலையில் மட்டுமே நீதிமன்றம் தலையிடும். சந்தேகம் வந்தால் அதன் பலன் தேர்வு நடத்துபவருக்கே. மாணவர் மேல் உள்ள இரக்கத்துக்கு இதில் வேலை இல்லை என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. படிக்கும்போது எனக்கும் கசந்தது; முகாமில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் காரணமும் புரிந்தது.

என் தம்பி இதைப் பந்தியை வைத்துச் சொல்வான்: நீதிபதி சாம்பாரைச் சுவைத்துப் பார்த்து உப்புச் சொல்ல மாட்டார், உன் இலையில் சாம்பாரே ஊற்றாமல் போனார்களா என்று மட்டும் பார்ப்பார்.

கொள்குறி வினாத் தேர்வுகளில் கதை கொஞ்சம் மாறும். அங்கே சண்டை விடைக்குறிப்போடு. 1983-இல் கான்பூர் பல்கலைக்கழகத்துக்கும் சமீர் குப்தாவுக்கும் இடையிலான வழக்கு மருத்துவ நுழைவுத் தேர்வைப் பற்றியது. விடைக்குறிப்பு சரி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பாடத்தில் தேர்ந்த யாரும் ஏற்க முடியாத அளவுக்கு அது தவறு என்று தெளிவாகக் காட்டப்பட்டால், சரியான விடை எழுதிய மாணவரைத் தண்டிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். அங்கே மாணவர்களுக்குக் கைகொடுத்தவை அங்கீகரிக்கப்பட்ட பாடநூல்கள். யூடியூப் காணொளியையும் கோச்சிங் சென்டர் வெளியிட்ட விடைப்பட்டியலையும் ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாடத்திட்டத்தில் பரிந்துரைத்த நூல், பதிப்பு, பக்க எண். அதுதான் பேசும்.

சரி, தாளை எப்படிக் கையில் வாங்குவது?

முதல் வழி பல்கலைக்கழகத்தின் சொந்த நடைமுறை. முடிவு வந்த சில நாட்களுக்குள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு ஆகியவற்றுக்கு அறிவிப்பு வரும். கட்டணமும் கடைசித் தேதியும் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறிவிப்பைக் கல்லூரிப் பலகையில் தேடாதீர்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் பாருங்கள். நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் 2021-க்குப் பிறகு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலிருந்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு மாறியவை. பழைய அரியர் வைத்திருப்பவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியல் கையில் இருக்கிறதோ அங்கேதான் கேட்க வேண்டும். மறுகூட்டலையும் மறுமதிப்பீட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மறுகூட்டலில் எண்களை மட்டும்தான் கூட்டிப் பார்ப்பார்கள். மறுமதிப்பீட்டில் வேறொருவர் புதிதாகத் திருத்துவார்; மதிப்பெண் குறைந்தால் என்ன ஆகும் என்பதை விதியில் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்னொன்று, பிள்ளைகள் கோபத்தில் மறந்துபோவது. மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் அடுத்த அரியர் தேர்வுக்குப் பணம் கட்டும் தேதி வந்துவிடும். "நான்தான் தேறிவிடுவேனே" என்று கட்டாமல் விட்டால், முடிவு பாதகமாக வந்தால் இன்னும் ஒரு செமஸ்டர் போயிற்று. வழக்கே போட்டிருந்தாலும் அரியர் பணத்தைக் கட்டுங்கள். அது தோல்வியை ஒப்புக்கொள்வது ஆகாது.

இரண்டாவது வழி தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. இதற்கு அடித்தளம் போட்டது ஒரு பள்ளி மாணவரின் வழக்கு. மேற்கு வங்காளத்தைச் சேர்ந்த ஆதித்ய பந்தோபாத்யாய் 2008-இல் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார். மதிப்பெண் ஏமாற்றம் தந்தது, தாளைக் காட்டச் சொன்னார், வாரியம் மறுத்தது. வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போய், 2011 ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பு வந்தது. திருத்தப்பட்ட விடைத்தாள் சட்டத்தின் பொருளில் 'தகவல்'தான். எழுதியவருக்கு அதைப் பார்க்கவும் சான்றிட்ட நகல் பெறவும் உரிமை உண்டு. திருத்தியவரின் பெயரும் கையொப்பமும் மறைக்கப்படும். நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். இல்லையென்றால் எங்கள் வீட்டு வாசலுக்கு வேறு மாதிரியான கூட்டம் வரும். இன்னும் ஒரு நிபந்தனையையும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது: தாளைப் பாதுகாக்கும் காலம் முடிந்து அழித்துவிட்டால், இல்லாத தாளைக் கேட்க முடியாது. ஆகவே ஆற அமர யோசித்து அடுத்த ஆண்டு கேட்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். தாளைப் பார்க்கும் உரிமையை வைத்துக்கொண்டு மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

நகலுக்குப் பல்கலைக்கழகம் சில நூறு ரூபாய் கேட்கிறதே, தகவல் உரிமையில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்தானே என்று கேட்கிற புத்திசாலிகள் உண்டு. சரியான கேள்வி. கம்பெனி செயலாளர்கள் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம், நிறுவனத்தின் சொந்த வழி ஒன்று, தகவல் உரிமை வழி வேறொன்று, எதில் போவது என்பது தேர்வு எழுதியவரின் விருப்பம் என்று சொல்லிவிட்டது. ஆனால் கணக்குப் பாருங்கள். தகவல் உரிமையில் பதில் தர 30 நாள் அவகாசம். மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். மலிவான வழியில் போனால் தாள் வரும்போது கதவு சாத்தியிருக்கும். இது தெரிந்தே வைத்த ஏற்பாடா, யாரும் யோசிக்காமல் விட்டதா என்று எனக்குள் ஒரு சந்தேகம் உண்டு. முடிவோடு சேர்த்துத் தாளையும் ஸ்கேன் செய்து மாணவரின் கணக்கில் ஏற்றிவிட்டால் இந்தச் சண்டைகளில் முக்கால்வாசி எழாது. பணம் இருந்தால் பல்கலைக்கழக வழியில் உடனே வாங்குங்கள். தேதி தவறிவிட்டது, அல்லது நகல் தர மறுக்கிறார்கள் என்றால் தகவல் உரிமை.

நம் பக்கத்தில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டி முள்ளோடை வந்தால் புதுச்சேரி. டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கும் தூரம்தான். மேல்முறையீடு மட்டும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகிப்போகும். பதில் வரவில்லை அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் முறையீடு. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் இரண்டாம் முறையீடு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் அது சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். புதுச்சேரி யூனியன் பிரதேசம். எனவே அங்கே படிப்பவர்கள் புது தில்லி மத்தியத் தகவல் ஆணையத்துக்கு எழுத வேண்டும். மாணவரின் வீடு எங்கே என்பது கணக்கில்லை, தாள் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. ரிட் மனு, அதாவது பல்கலைக்கழகம் போன்ற பொது அமைப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நேராகப் போடும் மனு, என்று வந்துவிட்டால் மட்டும் இரண்டு பக்கத்தாரும் ஒரே ரயிலில் போகலாம்: கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

அடுத்தது, பலருக்குத் தெரியாத ஒன்று. மாணவர் குறைதீர்ப்புக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் புது ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். புகார் வந்து 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அவர் ஓய்வுபெற்ற துணைவேந்தராகவோ பேராசிரியராகவோ மாவட்ட நீதிபதியாகவோ இருப்பார். சிக்கல் இதில்தான்: மறுமதிப்பீடு கேட்டு வரும் மனுவை அவர் ஏற்கக் கூடாது. முடிவையே பாதிக்கும் குறிப்பிட்ட முறைகேடோ, குறிப்பிட்ட பாகுபாடோ சுட்டிக்காட்டப்பட்டால் மட்டுமே ஏற்கலாம். "எனக்கு மதிப்பெண் குறைவு" என்று எழுதினால் மனு திரும்பி வரும். "பன்னிரண்டாம் பக்கம் திருத்தப்படவில்லை, நகல் இணைத்துள்ளேன்" என்று எழுதினால் அவர் படித்துத்தான் ஆக வேண்டும்.

வகுப்பு ஆசிரியரே போடும் அக மதிப்பீட்டுக்குக் கல்லூரியின் குறைதீர்க் குழுவே சரியான இடம். பகைக்கு உண்மையில் இடம் இருப்பதும் அங்கேதான். அங்கே டம்மி எண் கிடையாது, பெயரும் முகமும் தெரியும். ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லிவிடுகிறேன், இருபத்தைந்து மதிப்பெண்ணை அங்குசம் போலக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு எதிராக அழுது பயனில்லை. வகுப்புத் தேர்வு, ஒப்படைப்பு, வருகைப் பதிவு என்று எதற்கு எத்தனை, என் கணக்கில் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். பிரித்துத் தர முடியாத மதிப்பெண்ணுக்கு அந்த ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். செமஸ்டர் தொடக்கத்திலிருந்தே திருத்தித் தந்த தேர்வுத் தாள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிற பிள்ளைக்கு இந்தச் சண்டை எளிது.

போகக் கூடாத இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நுகர்வோர் நீதிமன்றம். "கட்டணம் கட்டினோம், சேவைக் குறைபாடு" என்று நோட்டீஸ் எழுதித் தருகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில், இரண்டு மாணவருக்கு ஒரே பதிவெண் கொடுத்த கூத்து நடந்தும்கூட, தேர்வு நடத்துவது சேவை ஆகாது, மாணவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010-இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் அதையே மறுபடியும் உறுதிசெய்தது. அந்த நோட்டீஸுக்குத் தரும் பணத்துக்கு நல்ல பாடநூல் வாங்கலாம்.

முறைகேடு செய்ததாகச் சொல்லி முடிவை நிறுத்திவைப்பது முற்றிலும் வேறு விவகாரம். அங்கே நீதிமன்றம் இவ்வளவு தள்ளி நிற்பதில்லை. ஒரு மாணவரின் தேர்வை ரத்து செய்யும் குழு நீதி வழங்கும் அமைப்பைப் போலவே நடந்துகொள்ள வேண்டும், அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது 1962-லேயே கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் முடிவானது. குற்றச்சாட்டை எழுத்தில் தராமல், விசாரணைக்கு அழைக்காமல் இரண்டு செமஸ்டர் தடை என்று உத்தரவு வந்தால், மதிப்பெண் வழக்கைவிட அது பல மடங்கு வலுவான வழக்கு. மொத்தத் தேர்வு மையத்திலும் காப்பி நடந்தது என்று எல்லோருடைய தேர்வையும் ரத்து செய்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்கத் தேவையில்லை என்பது அதற்கு விதிவிலக்கு.

இத்தனைக்கும் பிறகும் தவறு தெளிவாக இருந்து, பல்கலைக்கழகம் அசையாவிட்டால், அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு. கேட்கும் நிவாரணத்தைச் சிறியதாகக் கேளுங்கள். "என்னைத் தேர்ச்சி பெறச் செய்ய உத்தரவிட வேண்டும்" என்றால் நிற்காது. "திருத்தப்படாத பதிலைத் திருத்தி முடிவு வெளியிட உத்தரவிட வேண்டும்", "என் விண்ணப்பத்தின் மீது இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிட வேண்டும்" என்பவை நிற்க வாய்ப்புள்ளவை. அதற்கு முன்னால் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் எழுதிய கடிதமும், அது போய்ச் சேர்ந்ததற்கான ஸ்பீட் போஸ்ட் ரசீதும் கையில் இருக்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று சும்மா இருக்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் உயர் நீதிமன்றத்துக்கும் வழி காட்டுவார்கள்.

தகவல் உரிமை மனு எப்படி எழுதுவது என்று கேட்டுத்தான் அதிகம் பேர் வருகிறார்கள். பக்கம் பக்கமாக நியாயம் எழுதாதீர்கள். 'ஏன்' என்ற சொல்லே வேண்டாம். ஏன் குறைத்தார்கள் என்பதற்கு அலுவலர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். ஒரு வெள்ளைத்தாள் போதும். பெறுநர், பொதுத் தகவல் அலுவலர், பல்கலைக்கழகத்தின் பெயர். பிறகு இப்படி:

"மேற்கண்ட பதிவெண்ணில் நான் எழுதிய, கீழ்க்காணும் குறியீட்டுத் தாளின் திருத்தப்பட்ட விடைத்தாளை, கூடுதல் தாள்கள் உட்பட அனைத்துப் பக்கங்களின் சான்றிட்ட நகலாகத் தர வேண்டுகிறேன். அத்தாளுக்கான விடைக்குறிப்பு, மதிப்பெண் பகிர்வு ஆகியவற்றின் நகலையும், விடைத்தாள்களைப் பாதுகாக்கும் கால அளவு குறித்த விதியின் நகலையும் தர வேண்டுகிறேன். நான் இந்தியக் குடிமகள்."

விடைக்குறிப்பைத் தர மறுக்கக்கூடும். விடைத்தாளுக்கு 2011 தீர்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவிலேயே ஒட்டிவிடலாம். காலாப்பட்டுக்கு அனுப்புவதானால் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், அல்லது மத்திய அரசின் தகவல் உரிமை இணையதளத்தில் நேராக. கையெழுத்துப் போட்ட மனுவை அனுப்பும் முன் ஒரு செராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறையீட்டில் அதைத்தான் இணைக்கச் சொல்வார்கள்.